யூதாஸின் தாய் வீட்டுத் தண்ணீர்

வெல்டிங் பட்டறைக்குள் ஒரு பெண் அழுகிறாளே என்று பதறிப்போய் யாராவது எட்டிப் பார்த்தால், அங்கே பெண் யாரும் இருக்கமாட்டாள். முகத்தில் இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கிரில்லின் மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் பருத்த மனிதர் ஒருவர்தான் இருப்பார். அழுகை அந்தக் கவசத்துக்குள்ளிருந்து வரும். ஆள் நிற்பது தெரிந்ததும் கவசத்தை மேலே தள்ளிவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, லாசருவோட அக்கா. தம்பி செத்த வீடு, அதான்" என்பார். பிறகு கவசத்தை இறக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுவார்.

வெல்டரின் கைவேலை சுத்தம். அவர் செய்த கேட் தொங்காது, கிரில் ஆடாது. ஆனால் அவரைப் பற்றிப் பேச வாயெடுத்தவர்கள் யாரும் கேட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள், நாடகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாடகம், சபை மண்டபத்தில். எழுதுவது அவர், சொல்லிக்கொடுப்பது அவர், திரையை இழுப்பதும் அவர். நடிக்க மட்டும் மாட்டார். கவசத்துக்குள் மரியாளாகவும் பிலாத்துவாகவும் முழங்குகிற அதே நாக்கு, கவசமில்லாமல் மேடையேறினால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை காவலன் வேஷத்தில் ஏறி, "யார் அங்கே?" என்ற இரண்டே சொல்லைச் சொல்லமுடியாமல் வியர்த்து வழிந்து இறங்கினார்.

வேலை செய்யும்போதே கதை ஓடும். ஓடுவதைப் பிடித்துவைக்கக் காகிதம் தேடமாட்டார், கையிலிருக்கும் சாக்குக்கட்டியால் எதிரில் இருக்கும் தகட்டிலேயே கிறுக்கிவிடுவார். சாயங்காலம் மனைவி வந்து அதைத் தாளில் எடுத்து எழுதவேண்டும். ஒரு முறை அவள் எழுத மறந்துபோய், அவர் அழிக்கவும் மறந்துபோய், ஒரு இரும்பு பீரோ அப்படியே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தால் உள்பக்கம், 'இந்த வீட்டில் ஒளிந்திருப்பவன் யாரென்று எனக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறது. வாங்கியவர் அப்போதுதான் கல்யாணமானவர். அப்புறம் என்ன, குடும்பமே ரெண்டுபட்டு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டது. சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்த காட்சி அது என்று இவர் போய் விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இவருக்கு இந்தப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. பிரசங்கத்தின்போது மற்ற பிள்ளைகள் தூங்குவார்கள். இவர் மட்டும் கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன பக்தி என்று பெரியவர்கள் மெச்சினார்கள். பக்தியா, பாடா! இயேசு ஏறி வரக் கழுதையை அவிழ்த்துக்கொண்டு போனார்களே, அந்தக் கழுதைக்காரன் அன்றைக்குச் சுமையை எதில் ஏற்றினான்? ஐயாயிரம் பேர் சாப்பிட்டு எழுந்த இடத்தைக் கூட்டியது யார்? கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்ததும் வேலைக்காரர்களை யார் திட்டினார்கள்? இதுதான் அந்த மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வளர்ந்து, அப்பாவின் பட்டறையை ஏற்று, கல்யாணம் முடித்து, தலை நரைத்த பிறகும் அது நிற்கவில்லை.

"ஏங்க, கண்ணை மூடி ஒழுங்கா ஜெபம் பண்ணக்கூடாதா?" என்று மனைவி கேட்டதற்கு ஒரு நாள் பதில் சொன்னார். "கண்ணை மூடினா எனக்கு வெல்டிங் ராடு வாங்கணுமே, பெயிண்ட் காஞ்சுதான்னுதான் நெனப்பு போகுது. அந்தக் கழுதைக்காரன் வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டாத்தான், இயேசு அந்தத் தெருவுல வர்ற சத்தம் எனக்குக் கேக்குது."

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷனுக்கு அது விளையாட்டு இல்லை. சாக்குக்கட்டியை எடுக்குமுன் கையைத் துடைத்துக்கொள்வார். "ஆண்டவரே, நீர் பார்த்ததுல எனக்கும் கொஞ்சம் காட்டும்" என்று முணுமுணுப்பார். காட்டவில்லை என்றால் அன்றைக்கு எழுதமாட்டார். எத்தனையோ பேர் பெரிய பெரிய ஜெபம் பண்ணுகிறார்கள். இப்படி வாசலில் நின்று காத்திருப்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதே தெருக்கோடியில் தையல்காரம்மா இருந்தார். சபையில் பாதிப்பேர் போட்டிருந்த உடுப்பு அவர் தைத்ததுதான், அவருடைய மகன் அந்தக் காரியத்தைச் செய்யும்வரைக்கும். தொழிற்சாலையில் வேலைநிறுத்தத்துக்கு ரகசியமாக ஏற்பாடு நடந்தபோது, முன்னால் நின்ற தோழர்களின் பெயர்களை மேலதிகாரியிடம் சொல்லிக்கொடுத்துவிட்டான் அவன். பயந்து சொன்னானோ, ஆசைப்பட்டுச் சொன்னானோ, யாருக்குத் தெரியும்! அவர்கள் வேலை போய், குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் அவனும் தூக்குப் போட்டுக்கொண்டான். கல்லறைத் தோட்டத்தில் கடைசிச் சுவரோரமாகக் குழி வெட்டினார்கள். தன்னையே மாய்த்துக்கொண்டவனுக்கு என்ன ஜெபம் என்று அப்போதிருந்த போதகர் வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். புத்தகத்தைத் திறக்கவேயில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் ஒருவரும் துணி கொடுக்கவில்லை. கேட் உள்பக்கம் பூட்டியே கிடந்தது.

அந்த கேட்டின் கீல் ஒடிந்துபோய், வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. தையல்காரம்மா வெளியே வரவில்லை, மகள்தான் பூட்டைத் திறந்துவிட்டாள். கீலைப் பற்றவைத்து முடித்ததும் தொண்டை வறண்டுபோய், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாவே டம்ளரோடு வந்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. இவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று டம்ளரை நீட்டினார். குடித்தார், ராடுகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வீட்டுத் தண்ணீரைத் தெருவில் யாரும் வாயில் வைப்பதில்லை என்பது அவருக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை. தாகம் எடுத்தது, கேட்டார், அவ்வளவுதான். மறுநாளே மறந்தும்போனார்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருக்கையில் அவருக்குள் ஒரு காட்சி வந்தது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் செத்துப்போய்விட்டான். அவனைப் பெற்றவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே கிடக்கிறாள். தெருவில் போகிறவர்கள் காறித் துப்பிக்கொண்டு போகிறார்கள். அப்போது கதவு தட்டும் சத்தம். திறக்கமாட்டேன் என்கிறாள் இவள். வெளியே இயேசுவின் தாய் மரியாளின் குரல்: "நானும் பிள்ளையைப் பறிகொடுத்தவதான். ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கேன். குடிக்கத் தண்ணி குடு." திறக்கிறாள். மரியாள் குடிக்கிறாள். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்கிறாள். அந்த இடத்தில்தான் யூதாஸின் தாய் முதல் முறையாக வாய்விட்டு அழுகிறாள்.

இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவருக்குத் தெரியவில்லை! மேலேயிருந்து வந்ததாகவே நினைத்தார். அன்றைக்குப் பட்டறையை நேரத்தோடே மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, குழந்தையைப்போலத் தேம்பினார்.

நாடகம் நடந்த அன்று மண்டபமே மூக்கைச் சிந்தியது. கடைசி பெஞ்சில், தலையை மூடிக்கொண்டு, தையல்காரம்மாவும் இருந்தார். எப்படித் தெரிந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஆராதனைக்கு வரத் தொடங்கினார். யாரும் பேசவில்லை, ஆனாலும் வந்தார்.

அதன் பிறகு புதுப் போதகர் ஒருவர் மாற்றலாகி வந்தார். இளவயது, நல்ல படிப்பு, நல்ல மனசும்கூட. ஆனால் வேதத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பொறுக்கமாட்டார். அவர் வந்த வருஷமே தையல்காரம்மா படுக்கையில் விழுந்தார். இனி எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். போதகர் பார்க்கப் போய், "என்ன வாசிக்கட்டும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"யூதாஸோட அம்மா வீட்டுக்கு மரியாள் போற இடத்தை வாசிங்க ஐயா" என்றிருக்கிறார் தையல்காரம்மா.

போதகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு இடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாகக்கிடக்கிறவர் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது, ஒருவேளை நமக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒரு சந்தேகம். "நாளைக்கு வந்து வாசிக்கிறேன்மா" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டினார். அதில் இல்லை என்று அப்போஸ்தலர் நடபடிகளைப் புரட்டினார். தடித்தடியான விளக்கவுரைகளை இறக்கிவைத்துத் தும்மினார். கூடப் படித்த நண்பருக்குப் போன் போட்டுக் கேட்டார். நண்பர் சிரித்த சிரிப்பில் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார். கடைசியில் கோயில் மணியடிப்பவரிடம் போய் நின்றார்.

"அதா ஐயா? அருமையான இடமாச்சே! தண்ணி கேப்பாங்களே மரியாள், ரெண்டு தடவை!" என்றார் மணியடிப்பவர். "நம்ம வெல்டர் நாடகத்துல வந்துச்சு. ஏன் ஐயா, அது வேதத்துல இல்லையா?"

போதகர் பட்டறைக்கு வந்தபோது அவர் முகம் இருந்த சிவப்புக்கு ராடே தேவையில்லை, அப்படியே இரும்பைப் பற்றவைத்திருக்கலாம்.

"வேதத்தோட கடைசிப் பக்கத்துல என்ன எச்சரிக்கை இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? இதோட ஒண்ணைக் கூட்டினா என்ன ஆகும்னு?"

"தெரியும் ஐயா." வெல்டர் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாகப்போற ஒரு அம்மா, இல்லாத ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறாங்க. வேதம்னு சொல்லி அதை நான் வாசிச்சா பொய். அது இல்லைன்னு சொன்னா, கையில இருக்கிற கடைசிப் பிடியையும் நானே பிடுங்கினமாதிரி. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? முடிச்சைப் போட்டது நீங்க. நீங்களே வந்து அவிழுங்க. நாளைக்கு என்கூட வரணும், உண்மையைச் சொல்லணும்." போகிறவர் திரும்பி, "அந்தக் காட்சி எழுதின தாளையும் குடுத்தனுப்புங்க. என்னதான் எழுதியிருக்கீங்கன்னு நானும் பாக்கிறேன்" என்றார்.

அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க வெல்டருக்கு ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குத்தான் அப்படி ஒட்டும். வேதத்தோடு ஒன்றைக் கூட்டிவிட்டோமா? நாம் காட்சி என்று நினைத்ததெல்லாம் வெறும் கொழுப்பா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அந்த அக்காவுக்கு இருப்பது அது ஒன்றுதான். நம் வாயாலேயே அதைப் பிடுங்கிவிட்டு வந்து, அதன்பிறகு அவர் கண்ணை மூடினால்?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இனிமே எழுதமாட்டேன்" என்றார்.

இத்தனை வருஷமாக நாடகத்தைக் கரித்துக்கொட்டியவள் அவள்தான். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் பாய்ந்துவிட்டாள். "யாரைக் கேட்டு நிறுத்துறீங்க? இரும்புத் தகட்டைப் பாத்துப் பாத்து எழுதி என் கழுத்து பிடிச்சுக்கிட்டது சும்மாவா? ஆண்டவரே கதை சொன்னாரே! சொத்தைப் பிரிச்சு வாங்கிக்கிட்டு ஓடினவன்னு ஒருத்தன் நெசமாவே இருந்தானா? அவன் வீட்டு விலாசம் தெரியுமா உங்களுக்கு?"

"அவர் சொல்லலாம்டி. அவர் சொன்னா அது உண்டாயிரும். நான் சொன்னா வெறும் சத்தம்."

அவள் தாளை எடுத்து மடித்து, போதகர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பிற்பகல் இருவரும் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். கேட்டைத் தள்ளியபோது கீல் சத்தமில்லாமல் திரும்பியது. மகள் உள்ளே கூப்பிட்டாள். "நீங்க முதல்ல பேசுங்க" என்று போதகர் முன்னறையில், ஓரமாகத் தள்ளி மூடிவைத்திருந்த தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

வெல்டர் கட்டிலருகே போய் நின்றார். எலும்பும் தோலுமாகக் கிடந்தார் தையல்காரம்மா. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. வெல்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கவசம் வேண்டும்போல இருந்தது.

"அக்கா," என்றார் ஒருவழியாக. "நான் ஒண்ணு சொல்லணும். யூதாஸோட அம்மா... மரியாள் வந்தது... அது வேதத்துல இல்லக்கா. நானா எழுதினது. என்னை மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வந்தது சிரிப்பு. சளி அடைத்த நெஞ்சிலிருந்து, இருமலோடு சேர்ந்து வந்த சிரிப்பு.

"தெரியாதா தம்பி எனக்கு? பிள்ளை செத்ததிலேருந்து அந்தப் புத்தகத்தைத் தவிர எனக்கு வேற யாரு இருந்தா? எத்தனை தடவை தேடியிருப்பேன், அவன் அம்மாவைப் பத்தி ஒரு வரியாவது இருக்கான்னு. இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "தண்ணி கேட்டது மரியாள் இல்லயே. நீதானே கேட்ட. கீலைப் பத்தவெச்சிட்டு, அந்த வாசல்ல நின்னுக்கிட்டு. ரெண்டு டம்ளர்."

வெல்டருக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில், வறண்ட தொண்டை, வழியெல்லாம் சிந்திய தண்ணீர், எல்லாம் ஒரேயடியாகக் கண்முன் வந்து நின்றது. மேலேயிருந்து வந்தது என்று நினைத்தது இந்த வாசலிலிருந்து வந்திருக்கிறது. மேலேயிருந்து வரவில்லை என்றும் அவரால் சொல்லமுடியவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா அக்கா ஐயாவை வாசிக்கச் சொன்னீங்க?"

"எம்பிள்ளையைக் குழியில இறக்கினப்ப ஒருத்தரும் அந்தப் புத்தகத்தைத் திறக்கல தம்பி. கக்கத்துலயே வெச்சிருந்தாங்க." திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். "நான் போறதுக்குள்ள, அவனுக்காக யாராவது ஒருத்தர், அதை முதல்லேருந்து கடைசிவரைக்கும் புரட்டித் தேடணும்னு ஆசை. இந்த ஐயா தேடினாராமே? மணியடிக்கிறவர் எம்மககிட்ட சொன்னாராம். எல்லாத்தையும் தேடினாராமே?"

வெல்டர் "ஆமாக்கா" என்றார்.

திரைச்சீலை விலகியது. போதகர் நின்றார். எல்லாம் காதில் விழுந்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

மகள் அடுப்படிப் பக்கம் ஓடப்போனாள். "நீ இரு" என்று தடுத்தார் தையல்காரம்மா. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஜக் இருந்தது. அதை அவரால் தூக்கமுடியவில்லை. வெல்டர் அடியில் கைகொடுத்தார். இரண்டு பேருமாகச் சாய்த்ததில் தண்ணீர் டம்ளரிலும் போர்வையிலும் தரையிலும் விழுந்தது. போதகர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

டம்ளரை மறுபடி நீட்டினார். "இன்னும் கொஞ்சம்மா."

நிஜமாகவே தாகமா, முந்தின நாள் படித்த தாளா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டு போதகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கக்கத்திலிருந்த வேதத்தை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். எந்த இடம் என்று வெல்டர் பார்க்கவில்லை.

"உங்க பிள்ளை பேரு என்னம்மா?" என்று கேட்டார் போதகர்.

அந்தத் தெருவில் யாருமே வாய்திறந்து சொல்லாத அந்தப் பெயரை, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, தையல்காரம்மா உரக்கச் சொன்னார்.